அரை டீ கிளாஸ் தண்ணீர்

மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் என் வண்டி நின்றது 2024 அக்டோபர் 25 அன்று. மதுரைக்காரர்களுக்குத் தேதி சொன்னாலே போதும், செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போன அந்த மழை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போனால் போதும் என்கிற நிலையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் பாலத்துக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பஸ் போகும்போது நாம் போக மாட்டோமா என்று நானும் இறங்கினேன். பஸ் எவ்வளவு உயரம், தரையோடு தரையாகக் கிடக்கும் என் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு உயரம் என்பது அப்போது உறைக்கவில்லை. பஸ் கிளப்பிவிட்ட அலை திரும்பி வந்து பானட்டின் மேல் ஏறியது. 'டொக்' என்று ஒரு சத்தம். அத்தோடு சரி.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. ஸ்டார்ட் பட்டனை இன்னொரு முறை அழுத்தினேன். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். கை கேட்கவில்லை.

வண்டி 2015 மாடல். 2021-ல் 24 லட்சத்துக்கு இரண்டாவது கையாக வாங்கினேன். 1,984 சிசி, டர்போ, 230 குதிரைத்திறன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஏறினால் 7.3 கிலோமீட்டரும் வேகத்தடை இல்லாமல் ஓடும். மதுரையில் வேறு எங்கே அந்தச் சுகம்? மற்ற நாட்களில் கவர் போட்டு நிற்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மேடை லாரி வரும்போது இரவு பதினொன்றே கால். ரிங் ரோட்டில் ஒரு பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம்தான் கொண்டுபோனேன். ஜெர்மன் வண்டிகளில் கைப்பழக்கம் உள்ளவர். பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "தீபாவளி முடிஞ்சு பாப்போமாண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, உள்ள தண்ணி கிடக்கு. நாலு நாள் விட்டா சிலிண்டர் போர் துரு ஏறிரும். ரிப்பேரா விக்கிறதாங்கிறத நீங்க பைய யோசிங்க. தண்ணிய இப்பவே எடுத்துருவோம்" என்றார்.

அன்றிரவே ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினார். பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்கைக் கையால் திருப்ப, மூன்றாவது சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வடித்த ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. நான்கு போரிலும், அதாவது சிலிண்டர்களின் உட்சுவரில், எண்ணெய் தெளித்து மூடி வைத்தார். இதற்கு அவர் வாங்கியது 3,500 ரூபாய். மொத்தச் செலவிலும் எனக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது இந்தத் தொகைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒரு டீ கிளாஸை வைத்து விளக்கினார். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட 496 சிசி. அமுக்க விகிதம் 9.6-க்கு 1. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 58 மில்லிதான், அரை டீ கிளாஸ். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அரை கிளாஸுக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. கீழே கிராங் தள்ளுகிறது, மேலே தண்ணீர் வழிவிடவில்லை. நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது.

பிளக் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு, நான்கு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகின்றன என்று அளந்தார். மூன்றாவது மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. "ராடு சோலி முடிஞ்சிருச்சு. மத்தது ஹெட்ட இறக்குனாத்தான் தெரியும்" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடி.

காப்பீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் முடிந்தது. வெள்ளம் சாதாரண முழுக் காப்பீட்டிலேயே அடங்கும். ஆனால் தண்ணீர் உறிஞ்சி எஞ்சின் பூட்டிக்கொள்வதைத் தொடர்விளைவுச் சேதம் என்பார்கள், அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனி இணைப்பு வேண்டும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் காப்பீடு எடுத்திருந்தால்கூட இது அதில் வராது. அந்த இணைப்பை அந்த வருடம்தான் எட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று நான் நீக்கியிருந்தேன். சர்வேயர் வந்தார், பார்த்தார், உள் கார்ப்பெட், இரண்டு சென்சார், லாரி வாடகை என்று 41,000 ரூபாய்க்கு எழுதினார். எஞ்சினுக்குப் பூஜ்யம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, பாலிசியில் இருப்பதைத்தான் சொன்னார்.

இனி என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கம்பெனி சர்வீஸ் மையத்தில் ராடை மட்டும் மாற்றித் தரும் பேச்சே இல்லை. முழு எஞ்சின், வரியோடு 16 லட்சத்து 40 ஆயிரம். அப்போது வண்டி நல்ல நிலையில் இருந்திருந்தாலே சந்தையில் 19, 20 லட்சம்தான் போயிருக்கும். இன்னொருவர் சென்னை புதுப்பேட்டையில் விபத்தில் நொறுங்கிய வண்டியின் எஞ்சின் இருப்பதாகச் சொன்னார். ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வந்ததும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் தேடினால் கிடைக்கும். நான்கேகால் லட்சம், டர்போ தனி. ஆனால் எஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் மாற வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். "பேப்பர் எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று அவர் மூன்றாவது முறை சொன்னபோது நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது யோசனை சொன்னவர் எனக்கு உறவுக்காரர், பெயர் வேண்டாம். தண்ணீரை வடித்தாயிற்று, ஆயில் மாற்றி ஸ்டார்ட் செய், ஓடும்போதே விற்றுவிடு என்றார். இதில் பயங்கரம் என்னவென்றால், ஓடும். வளைந்த ராடோடு வண்டி சில நூறு கிலோமீட்டர்கூட ஓடலாம். பிறகு ஒருநாள் வேகத்தில் ராடு முறிந்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நால்வழிச் சாலையில் 120-ல் போகும் யாரோ ஒருவருக்கு.

கடைசி வழி, இருக்கிற நிலையிலேயே விற்பது. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று என் அப்பா ஆறுதல் சொன்னார். யானைக்குச் சரி. படுத்துவிட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு சென்னைத் தரகர் ஆறரை லட்சம் சொன்னார். கொச்சியிலிருந்து நேரில் வந்து பார்த்தவர் ஏழேகால் வரை வந்தார். எஞ்சினைத் திறக்காத வரைக்கும் இவ்வளவுதான் தர முடியும் என்றார் அவர். "உள்ள பிளாக் ஓட்டையா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் நான் கழிக்கிறேன்."

நான் அவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அவர் சொன்னது நாள் முழுக்கத் தலைக்குள் ஓடியது. அதுவரை நான் செய்த கணக்கு எல்லாமே 24 லட்சத்தில் தொடங்கியது. கொடுத்தது 24, கிடைப்பது 7, போனது 17 என்று இரவெல்லாம் இதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்த 24 லட்சம் 2021-லேயே போய்விட்டது. இன்று என் கையில் இருப்பது ஏழேகால் லட்சம் மதிப்புள்ள ஒரு பொருள், அதற்குள் எனக்கே தெரியாத ஒரு சேதம். முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹெட் இறக்கிப் பிரித்துப் பார்க்க அண்ணன் 38,000 ரூபாய் கேட்டார். பிறகு அவரிடமே வேலையைக் கொடுத்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. வீட்டில் எல்லோரும் இதை வீண் செலவு என்றார்கள். நவம்பர் இரண்டாவது வாரம் பிரித்தோம். மூன்றாவது ராடு 'ட' எழுதப் போய் நின்றுவிட்ட மாதிரி வளைந்திருந்தது. பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடை ஒரு பக்கம் உரசியிருந்தது. ஆனால் போர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இல்லை. இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, அலுமினியம் அல்ல, அதனால் லேசான ஹோனிங்கில், அதாவது உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சமன் செய்வதில், சரியாகிவிடும். கிராங்கைக் கோவைக்கு அனுப்பி, சுழலும்போது கோணுகிறதா என்று பார்த்ததில் நேராகவே இருந்தது. பேரிங்குகளில் துருவின் சுவடு இல்லை. அந்த முதல் இரவு எண்ணெய் தெளித்தது நினைவிருக்கிறதா?

மதிப்பீடு நான்கு லட்சத்து 90 ஆயிரம். நான்கு ராடும் எடை பொருந்திய செட்டாக, பிஸ்டன், பேரிங், டைமிங் செயின், கேஸ்கெட், ஒருமுறை முடுக்கினால் மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள். நான் மனதுக்குள் ஐந்தேமுக்கால் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ரெடியாகி வந்தா ஓட்டுவீங்களா?" ஓட்டுவேன் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பட்டறையில் ஓடோமீட்டரைப் பார்த்தேன். வாங்கும்போது 31,400, இப்போது 40,150. மூன்று வருடத்துக்கு 8,750 கிலோமீட்டர். மாதத்துக்கு 250-கூட இல்லை. பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்த மகனுக்கு இப்போது கால் என் முதுகில் இடிக்கிறது. ரிப்பேர் செய்வதா விற்பதா என்று ஒரு மாதமாக ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது இரண்டு கேள்வி. ரிப்பேர் செய்வது லாபமா என்பது ஒன்று. இந்த வண்டி இனி எனக்கு வேண்டுமா என்பது வேறு. முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு, சொல்லக் கஷ்டமாக இருந்தது, இல்லை.

ஆகவே சரிசெய்து விற்பது என்று முடிவு.

ஜெர்மனியிலிருந்து ராடு செட் வர ஏழு வாரம் ஆனது. பொங்கல் தாண்டியது. பிரித்த இடத்தில் தெர்மோஸ்டாட் கூடு வெடிப்பு விட்டிருந்தது தெரிந்து அதுவும் சேர்ந்தது. கடைசிக் கணக்கு, பிரித்த கூலியோடு, ஐந்து லட்சத்து 86 ஆயிரம். பிப்ரவரியில் எஞ்சின் முதல் முறை பிடித்தபோது பட்டறையில் யாரும் கைதட்டவில்லை. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு டீ சொன்னார்.

ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்றார். மேலூர், துவரங்குறிச்சி, நத்தம், திரும்ப மதுரை என்று சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அந்த மூன்று வாரங்களில்தான் அந்த வண்டியை நான் உண்மையிலேயே ஓட்டினேன் என்று தோன்றுகிறது. முடிவை மாற்றிக்கொள்ளலாமா என்று அழகர்கோவில் மலை தெரியும் ஒரு திருப்பத்தில் ஒரு நிமிடம் யோசித்ததும் உண்மை. ஆயிரம் முடிந்ததும் ஆயில் மாற்றினேன், விளம்பரம் கொடுத்தேன்.

எஞ்சின் பிரித்த வண்டி என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். பாதிப் பேர் போனே செய்யவில்லை. செய்தவர்களிடம் பில், படங்கள், கிராங் அளவுச் சீட்டு எல்லாம் கொண்ட கோப்பைக் காட்டினேன். திண்டுக்கல்லில் மர வியாபாரம் செய்யும் ஒருவர் தன் மெக்கானிக்கைக் கூட்டி வந்து அரை நாள் பார்த்தார். பதினாறேமுக்கால் லட்சத்தில் முடிந்தது. கணக்குப் போட்டால், நவம்பரில் ஏழேகாலுக்குக் கொடுத்திருப்பதைவிட மூன்றரை லட்சத்துச் சொச்சம் கூடுதல். நடுவில் கட்டிய பிரீமியத்தையும் ஐந்து மாத அலைச்சலையும் கழித்தால் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பிளாக்கில் கீறல் இருந்திருந்தால் கொச்சிக்காரருக்கே கொடுத்திருப்பேன்.

படிவம் 29, படிவம் 30, சேஸ் எண்ணுக்கு பென்சில் பிரிண்ட் எல்லாவற்றையும் நானே கூட இருந்து முடித்தேன். பெயர் மாறாத வரை விபத்துக்கு ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 230 குதிரைத்திறன் வண்டியில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பணம் வந்தது, சாவி இரண்டையும் கொடுத்தேன்.

வளைந்த ராடை மட்டும் துடைத்து என் மேஜையில் வைத்திருந்தேன். திண்டுக்கல்காரர் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டார். "இதுதானா அது?" என்று கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இதையும் குடுத்துருங்கண்ணே. நாளைக்கு நான் விக்கும்போது கேப்பாய்ங்க."

பழைய தினத்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.