நாரைகளுக்காக வெடி வெடிக்காத ஊர்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீடு பார்க்கத்தான் வருகிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் என்று பார்க்கவும் நிறைய இருக்கிறது. மார்கழியில் நான் காரைக்குடிக்கு ரயில் ஏறியது இந்த ஊர்த் தண்ணீரைப் பார்க்க. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத, வானம் பார்த்த பூமி இது. இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டி இங்கே வாழ்ந்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்பது பல நாளாக என் மனசில் இருந்த கேள்வி.

அதற்கான விடையைக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் நின்றபோது கண்ணாலேயே பார்த்தேன். நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் உள்முற்றத்தை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தகர வாய்க்காலில் இறங்கும் நீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் முற்றத்து மூலையில் உள்ள துவாரம் வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து ஊர்க் குளமான ஊரணியைச் சேரும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது 2003-இல். அதற்கு நூறு வருஷம் முன்பே, எந்த அதிகாரியும் வந்து கேட்காமலே, ஒரு கொத்தனார் அந்தச் சரிவைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அந்த வீட்டு ஆச்சி சமையல்கட்டிலிருந்து ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்து வந்து காட்டினார். புளியங்கொட்டையைவிடச் சின்னது, உருண்டையாக, மங்கிய மஞ்சள் நிறம். மண்பானையின் உட்புறத்தில் அதைச் சந்தனம் உரைப்பதுபோல உரைத்துவிட்டு, கலங்கலான ஊரணித் தண்ணீரை ஊற்றி வைப்பார்களாம். விடிந்து பார்த்தால் வண்டல் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். “எங்க அப்பத்தா காலத்துல ஊரணிக்குள்ள செருப்புக் காலோட இறங்க மாட்டாக. குளிக்க வேற ஊரணி, மாடு குளிப்பாட்ட வேற. மீறுனா ஊரே கேக்கும்” என்றார்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டும்போதே சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. குடிநீர் ஊரணிகளின் படியில் எல்லாரும் இறங்கிவிட முடிந்ததில்லை. தூய்மை என்ற அதே நம்பிக்கை, சாதியின் பேரால் மனிதர்களைக் கரையிலேயே நிறுத்தியது. இன்னொருவர் மேலிருந்து குடத்தில் ஊற்றும்வரை காத்திருந்த பெண்களின் பேத்திகள் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். கிணறு, குளம், படித்துறை போன்ற பொது இடங்களில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு பேர் குறித்தே சொல்கிறது. அப்படித் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1955-இல் சட்டம் வந்தது. பழைய வழக்கத்தின் பெருமையை மட்டும் பாடிவிட்டுப் போகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. இயற்கையைக் காத்த வழக்கம் மனிதரை ஒதுக்கியபோது, அதைத் திருத்தும் வேலையைச் சட்டம்தான் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் திருப்பத்தூர் வழியாக மேற்கே. சிங்கம்புணரிப் பக்கம் ஒரு அய்யனார் கோயில் காட்டில் வண்டியை நிறுத்தினோம். சாயம் போன மண்குதிரைகள் வரிசையாக நிற்க, சுற்றிலும் மரங்கள் அடர்ந்து கிடக்கின்றன. அங்கே சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். சாமி குத்தம். பக்கத்துத் தெருவில் வேளார் ஒருவர் பொங்கலுக்குப் பானை வனைந்துகொண்டிருந்தார். அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்ப் பெரியவர்கள் அவர் கையில் பிடிமண் கொடுப்பார்கள். அதன்பிறகே குதிரை வேலை தொடங்கும். குதிரைக்கும் பானைக்கும் கண்மாய் மண்தான். அந்த மண் இன்று சட்டப்படி சிறு கனிமம், 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். வண்டலை அள்ளினால் கண்மாய் ஆழமாகும் என்பதால் வேளாரின் தேவையும் ஊரின் தேவையும் ஒன்றாகவே இருந்தன. லாரிகள் வந்து லாபத்துக்கு மண் அள்ளத் தொடங்கியபிறகு காவல் தேவைப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூடையில் எடுப்பவரும் மனுவோடு நிற்க வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

பயணத்தின் முக்கியமான இடம் கொள்ளுகுடிப்பட்டி. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் இருக்கிறது. இந்த ஊர்க் கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்ததுதான் 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. கரையில் ஏறியதும் முதலில் மூக்கைத் தொட்டது எச்சத்தின் காரம். பிறகு சத்தம். நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று குஞ்சுகளுக்கு மேலே சிறகை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. குஞ்சுகள் நகர நகர அதுவும் நகர்ந்து நிழலைச் சரிசெய்தது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், இராக்கொக்கு என்று வேறு கூட்டங்களும் இருந்தன.

இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறைகளாக இப்படித்தான். பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு சரி. கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் ஏன் என்று கேட்டேன்.

“பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைக தம்பி இதுக. வயித்துப் பிள்ளைக்காரி இருக்க வீட்டுல யாராச்சும் வெடி போடுவாகளா?”

“சின்னப் பிள்ளைங்க கேக்குறாங்களா?”

“அடுத்த ஊர்லேருந்து வாக்கப்பட்டு வர்ற பொண்ணுகதான் மொத வருசம் மொகத்தச் சுளிக்கும். ஒரு குஞ்சு பொரிஞ்சதப் பாத்துருச்சுன்னா அப்புறம் அதுவே மத்தவுகள அதட்டும்.”

நம்பிக்கைக்குப் பக்கத்தில் கணக்கும் உண்டு. எச்சம் கரைந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. ஊர்க்காரர்கள் அதை ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். பறவையை வேட்டையாடினால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சிறைகூடக் கிடைக்கும். ஆனால் தீபாவளி ராத்திரி ஒவ்வொரு வாசலிலும் காவல் போட எந்தத் துறையாலும் ஆகாது. அந்த வேலையை ஊர் தானே செய்கிறது. வனத்துறை அதற்கு நன்றியாகத் தீபாவளிக்கு வீடு வீடாக இனிப்பு கொடுக்கிறது. சட்டமும் ஊரும் ஒன்றையொன்று மதித்து நடக்கும் இப்படி ஒரு ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போக நினைப்பவர்கள் தை முடிவதற்குள் போய்விடுங்கள். காலையிலோ சாயங்காலமோ நல்லது. ஹாரன் வேண்டாம்.

இருந்தும் ஊரால் தனியாகக் காக்க முடியாத ஒன்று இருக்கிறது: தண்ணீர். கண்மாய் நிரம்பாத வருஷம் நாரை கூடு கட்டாது. மேலேயிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதையும், சில இடத்தில் வாய்க்கால் இருந்த தடமே இல்லாமல் போனதையும் விவசாயி ஒருவர் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். சாமிக்குப் பயப்படுகிற, பறவைக்கு மனசு இரங்குகிற ஊர் நாலு மைலுக்கு அப்பால் உள்ள வாய்க்காலை என்ன செய்யும்? அங்கே சட்டம்தான் வந்து நிற்க வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. வரைபடத்தை வைத்து வாய்க்காலை அளந்து கல் ஊன்றினால் பாதி வேலை முடிந்துவிடும்.

“ஜனவரி 26 கிராம சபையில இத எழுதித் தீர்மானமாப் போடணும்ணே” என்றார் அவர். மேற்கே உள்ள ஊர்க்காரர்களையும் அன்றைக்குள் பேசிச் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் இதேபோல வரத்துக்கால் மீட்டவர்களின் தொலைபேசி எண்ணை அதே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.