பொந்தே மில்வியோப் பாலமும் அந்த மச்சான்மாரும்

ரோமுக்கு வந்த முதல் வருசம் ஒரு வயசுபோன அம்மாவைப் பாக்கிற வேலை கிடைச்சுது, ஃபிளமீனியோவில 2ஆம் நம்பர் ட்ராம் எடுத்து கடைசித் தரிப்பில இறங்கி பொந்தே மில்வியோப் பாலத்தால தைபர் ஆத்தைக் கடந்து நடக்கோணும், பாஷையும் தெரியாது ஊரும் தெரியாது. காதலிக்கிற பெடியள் பூட்டுக் கொழுவுற பாலம் எண்டு மட்டும் ஆரோ சொன்னவை.

நொன்னா, அதாவது அம்மம்மா எண்டுதான் அவாவைக் கூப்பிடுவன். பின்னேரம் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனா, ஊண்டுதடியால ஆத்தைக் காட்டிக் காட்டிக் கதை சொல்லுவா. 312ஆம் ஆண்டு ஒக்டோபர் 28, ரோமை ஆர் ஆளுறதெண்டு கொன்ஸ்தந்தைனும் மக்சென்சியஸும் இங்கதான் அடிபட்டவை. "கொஞ்ஞாத்தோ, கொஞ்ஞாத்தோ" எண்டா, எனக்குப் பிடிபடேல்ல, பிறகு மோதிர விரலைத் தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தினா, மக்சென்சியஸின்ர தங்கச்சி ஃபௌஸ்தாவைத்தான் மற்றவர் கட்டியிருந்தவர். அட, மச்சான்! அந்தச் சொல்லு அண்டையில இருந்து எனக்கு மறக்கவேயில்லை.

மக்சென்சியஸ் மதிலுக்குள்ளயே இருந்திருக்கலாம். முந்தி ரெண்டு தரம் படை வந்தும் உள்ளுக்க இருந்துதான் தப்பினவர், சாப்பாடும் சேர்த்து வச்சிருந்தவராம். வெளியில வந்ததுதான் பிழை. ஆறு முதுகுக்குப் பின்னால, கல்லுப்பாலத்தை முதலே வெட்டிப்போட்டு வள்ளங்களைச் சேர்த்து ஒரு பாலம் போட்டிருந்தவையாம், வரிசை குலைஞ்சு ஓடேக்க எல்லாரும் ஒரேயடியா அதுக்கு மேல ஏற பாலம் உடைஞ்சு ஆக்களும் குதிரையளும் ஆத்துக்குள்ள. மக்சென்சியஸும் தண்ணிக்குள்ள தாண்டு போனார். அடுத்த நாள் உடம்பைக் கண்டெடுத்து, தலையை ஈட்டியில குத்தி ரோமுக்குள்ள கொண்டு போனவை.

இதைக் கேக்கேக்க எனக்கு யாழ்ப்பாணத்து நாவற்குழிப் பாலம்தான் கண்ணுக்குள்ள நிண்டது. 1995 ஒக்டோபர் 30, சண்டையால வலிகாமச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு, மழை, அம்மாவின்ர சீலைத் தலைப்பைக் கையில சுத்திப் பிடிச்சிருக்கிறன், ஒரு அடி வைக்கிறதுக்குக் கன நேரம் நிக்கோணும், முன்னால போறவையின்ர முதுகைத் தவிர ஒண்டும் தெரியாது. நொன்னாவுக்குச் சொல்ல எனக்கு ரெண்டு சொல்லுத்தான் தெரியும், பொந்தே, ஜென்தே. பாலம், சனம். அவாவுக்கு விளங்கிட்டுது.

கொலோசியத்துக்குப் பக்கத்தில கொன்ஸ்தந்தைனின்ர வெற்றி வளைவு நிக்குது, 315இல திறந்தது. லீவு நாளில போனா எல்லாரும் முன்னால நிண்டு படம் எடுப்பினம், நான் தெற்குப் பக்கம் போயிடுவன், அங்கதான் இந்தச் சண்டையைச் செதுக்கியிருக்கு, தண்ணிக்குள்ள தாழுற ஆக்களையும்.