நீல நிறத்தில் ஒரு மித்தி

2006-ல் மும்பை அந்தேரியில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டாத இடத்தைக் கட்டி முடித்ததுபோல் கணினியில் வரைந்து காட்ட வேண்டும். ‘வியூ போடுறது’ என்போம். அந்த வருடம் மித்தி ஆற்றங்கரை வேலை வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரை எப்படியெல்லாம் இருக்கலாம் என்று ஐந்து படங்கள்.

மராத்தியில் மித்தி என்றால் கட்டியணைப்பது என்றும் பொருள் உண்டு. 2005 ஜூலை 26 அன்று அது அணைத்த அணைப்பு தாராவிக்காரன் எனக்கு மறக்குமா? சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. நகரின் தென்முனையான கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பவாய், விஹார் ஏரிகள் நிரம்பி வழிந்தன. கடலும் ஏற்றத்தில் இருந்ததால் ஆற்று நீருக்குப் போக்கிடம் இல்லை. மணிக்கு 25 மி.மீ. மழைக்கென்று போட்ட பழைய வடிகால்கள் என்ன செய்யும்? எங்கள் அறையில் நெஞ்சளவு தண்ணீர். இரவு முழுக்கப் பரணில் உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் படத்தில் நான் ஆற்றுக்கு நீலம்தான் அடித்தேன். மரங்களும் மனிதர்களும் ஒரு சிடியில் வருவார்கள், வெட்டி ஒட்ட வேண்டியதுதான். எல்லோரும் வெள்ளைக்காரர்கள், ஷூ போட்டு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கலர் சரியில்லை என்று ஒதுக்கிய ஒரு பிரிண்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை திருநெல்வேலிப் பக்கம், விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏலே, இங்க யாரும் குடியிருக்க மாட்டாவளா? ஓடிக்கிட்டேதான் இருப்பாவளா?”

அப்புறம் சுவரைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்தும் வெள்ளக் கறை மங்கலாகத் தெரிந்தது. “இது எங்கல உன் படத்துல?”

வெள்ளத்தில் அவருடைய கிரைண்டர் மூழ்கியது. புதியதை இடுப்பளவு சிமெண்ட் மேடை கட்டி அதில் ஏற்றியிருந்தார். பிளக் பாயிண்ட் கறைக்கு மேலே. ரேஷன் கார்டு பிளாஸ்டிக் உறையில், பரணில். எங்கள் ஐந்து படங்களிலும் இந்த யோசனையில் பாதிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு சந்தில் இறங்கினேன். தண்ணீர் பிடிப்பவர்கள், கேரம் ஆடும் பையன்கள், இட்லிப் பாத்திரத்தோடு அத்தை. கரையில் புல்வெளியை எடுத்துவிட்டு அலையாத்தி மரங்களை வைத்தேன். அங்கே உண்மையில் வளர்வது அதுதானே. வீடுகளுக்கு உயரமான படிகள், கொடியில் துணி, சுவர்களில் ஒரே மட்டத்தில் மெல்லிய சிவப்புக் கோடு.

முதலாளி நல்ல மனிதர்தான். அலையாத்தியை ரசித்தார். துணியை எடுக்கச் சொன்னார். கோட்டைப் பார்த்ததும், “இது பயமுறுத்துதே” என்றார். எடுத்தேன். அத்தை ஒரு மூலையில் சின்னதாக இருந்ததால் தப்பித்தார்.

கோடு உள்ள பிரிண்ட் ஒன்றை அத்தைக்கே கொடுத்தேன். “இவ்வளவு குண்டாவா இருக்கேன்?” என்று சிரித்தார். ஆணி எங்கே அடிக்கட்டும் என்று கேட்டேன்.

“கறைக்கு மேல.”