கூட்டத்தில முதல் அரை மணித்தியாலம் கதைக்க வேண்டாம்

எங்கட யாழ்ப்பாணத்துக் கூட்டங்களில மூத்தவர் வாய் திறந்தால் மற்ற ஆக்கள் "ஓம், ஐயா சொல்றது சரி" எண்டு தலையாட்டுவினம். நல்ல யோசனை இருக்கிற இளசுகள் கடைசிவரை கதைக்காயினம்.

1968இல் ஜேர்மன்காரர் பேர்ன்ட் ரோர்பாக் சொன்ன, கதைக்காமல் தாளில எழுதி யோசனை சேர்க்கிற 6-3-5 முறையைப் பாவியுங்கோ. 6 பேர், ஆளுக்கொரு தாள், 5 நிமிசத்தில 3 யோசனை. பிறகு தாளைப் பக்கத்து ஆளிட்டக் குடுங்கோ. அவர் வாசிச்சு, அதிலயிருந்து பிடிச்சு இன்னும் 3 எழுதவேணும். 6 சுற்றில 108 யோசனை. திரும்பத் திரும்ப வாறதைக் கழிச்சாலும் கனக்க மிஞ்சும்.

பிழை வாறது பெரும்பாலும் குடுக்கிற கேள்வியிலதான். "வாசிகசாலைக்குப் பிள்ளையளை எப்பிடிக் கூப்பிடுறது?" ஆகலும் அகலம். "ரியூசன் முடிஞ்சு வாற ஏ.எல். பிள்ளையளுக்கு எத்தனை மணிவரை திறந்து வைக்கலாம், ஆர் பூட்டுறது?" எண்டு கேளுங்கோ. யோசனையளைத் தெரிவு செய்யேக்க, பிடிச்சதுக்குப் பக்கத்தில போட ஆளுக்கு 3 புள்ளி. தலைவர் கடைசியாத்தான் போடவேணும்.