குழிக்குள் மூன்று வாரம்

எம்.ஏ. முதலாண்டு முடிந்த மே மாதம், வைகைக்கரை மேடு ஒன்றில் அகழாய்வுப் பயிற்சிக்குப் போனேன். துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டை நகலும் கொடுத்தால் போதும், இடம் கிடைத்துவிட்டது. சிரமமெல்லாம் அப்புறம்தான்.

காலை ஆறரைக்குக் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். உச்சி வெயிலில் மண் வெளுத்து எல்லா அடுக்கும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால்தான் அந்த அவசரம். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இடையே மண்சுவர் விட்டுத் தோண்டுவது முறை. அடுக்குகளைப் பக்கவாட்டில் காட்டுவது அந்தச் சுவர்தான். 1944-இல் தட்சசீலத்தில் (இன்றைய பாகிஸ்தான்) அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் மாணவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபோது சொல்லித்தந்ததும் இதுதான். இன்றும் அதே கயிறு, அதே ஆணி.

முதல் வாரம் மண் சுரண்டும் கரண்டியை யாரும் கையில் தரவில்லை. பானை ஓடு கழுவினேன். கூடை கூடையாகக் கருப்பு சிவப்பு ஓடுகள். "பிரஷ்ஷை அழுத்தாதே, கீறல் இருந்தால் போய்விடும்" என்று பத்து தடவையாவது திட்டு வாங்கியிருப்பேன். என் கூடையில் எழுத்தோ குறியோ கீறிய ஓடு ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வாரம் குழியில் எனக்கு வாய்த்த ஆசிரியர், பல வருஷமாக அகழாய்வுக்குக் கூலிக்கு வரும் உள்ளூர் அக்கா. சுரண்டிக்கொண்டே, "இது வேற மண்ணு தம்பி, சத்தம் மாறுது பாரு" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் கருத்த வட்டம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யாரோ எப்போதோ வெட்டி மூடிய குழி.

அந்த வட்டத்தில், காலத்தைக் கணிக்க உதவும் கரித்துண்டு ஒன்று கிடைத்தது. கைபடாமல் அலுமினியத் தாளில் மடித்தேன், சீட்டும் எழுதினேன். ஆழத்தை மட்டும், எல்லா அளவுக்கும் அடிப்படையாக அடித்துவைத்த ஆணியிலிருந்து அளக்காமல் பக்கத்துத் தரையிலிருந்து அளந்துவிட்டேன். சரிவான நிலம், 14 சென்டிமீட்டர் வித்தியாசம். பொறுப்பாளர் கத்தவில்லை. "கீழடிக்குக் கி.மு. 580 என்று வந்ததே, அது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் தேதி. அந்த எண் தப்பாக இருந்திருந்தால் அந்தத் தேதியை எந்த அடுக்கில் கொண்டுபோய் வைப்பாய்?" என்று மட்டும் கேட்டார். ரசமட்டமும் கயிறும் பிடித்து மறுபடி அளந்தேன். நல்லவேளை, எடுத்த இடம் இன்னும் கலையாமல் இருந்தது.

மூன்றாவது வாரம் சுவரின் அடுக்குகளை வரைபடத் தாளில் வரைவது. இரண்டு பேர் அளந்து சொல்ல, ஒருவர் புள்ளி வைக்க வேண்டும். இடையில் ஒரு நாள் கோடை மழை. தார்ப்பாய் போட்டும் சுவரின் ஒரு மூலை சரிந்துவிட்டது. குழியை மூடினால் திரும்பச் சரிபார்க்க வழியில்லை என்பதால் ராத்திரி வரை உட்கார்ந்து முடித்தோம்.

மூடும் நாளன்று அக்கா என் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு கோடு விட்டுட்டியே" என்றார். மண்வெட்டிக்காரர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே இறங்கினேன்.