அட்வான்ஸில் கழியும் வாடகை

மார்ச் 24, 2020, செவ்வாய்

கொரோனாவுக்காக மாலை ஆறு மணியிலிருந்து 144 தடை உத்தரவு. நான் வேலை பார்க்கும் துணிக்கடையைப் போன வாரமே மூடியாயிற்று. அவருடைய லேத் பட்டறைக்கும் இன்றோடு பூட்டு. கொடுங்கையூரில் எல்லா மளிகைக் கடையிலும் கூட்டம், நான் அரிசி, துவரம்பருப்பு, உப்பு, தீப்பெட்டி மட்டும் வாங்கினேன். சின்னவன் பிஸ்கட் கேட்டான், பிறகு பார்க்கலாம் என்றேன். எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். அதைக் கேட்டதும் முதலில் சமையலறைக்குப் போய் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பாதி இருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இன்று தொடங்கியிருக்க வேண்டும். தள்ளிவைத்துவிட்டார்கள். தமிழ்ப் புத்தகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத் தவணையை வங்கிகள் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அவருக்கு நிம்மதி, வண்டிக் கடன் கட்ட வேண்டாம் என்று. வட்டி நிற்காது, அசலோடு சேரும் என்று நான் சொன்னேன். "இப்ப கையில இருக்கறது சாப்பாட்டுக்கு வேணும்ல" என்றார். அதுவும் சரிதான்.

ஏப்ரல் 3, வெள்ளி

ரேஷனில் 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயிலும் வந்தன. டோக்கனில் நேரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள், தரையில் வட்டம், வட்டத்துக்குள் நம் பையை வைத்துவிட்டு நிழலில் நிற்கலாம்.

அரிசியை ரெண்டு தடவை களைந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு ஊறவைத்து இட்லிக்கு அரைத்தேன், நன்றாகவே வந்தது. இனிமேல் கடை இட்லி அரிசி வேண்டாம்.

வீட்டு வாடகை 7,500. ஒரு மாத வாடகையை இப்போது கேட்கக் கூடாது என்று உத்தரவு வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எங்கள் வாடகையும் பக்கத்துப் போர்ஷன் வாடகையும்தான் வருமானம், அவங்க வீட்டுக்காரர் போய் வருஷமாகிறது. அவங்க முகத்தைப் பார்த்து அந்த உத்தரவை எப்படிப் பேசுவது?

ஏப்ரல் 5, ஞாயிறு

பிரதமர் சொன்னபடி ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கு ஏற்றினோம். என் அம்மாவுக்குக் காலையில் சர்க்கரை கூடியிருந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. மாங்காய் இல்லாமல் வேப்பம்பூ ரசம் மட்டும். மே 3 வரைக்கும் நீட்டித்துவிட்டார்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ரெண்டு மாத மருந்தைச் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள், அது பெரிய உதவி. இன்சுலினை ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜை அணைத்துவைத்தால் கரண்ட் பில் குறையும் என்று அவர் சொன்னபோது நான் பதிலே சொல்லவில்லை, அந்தக் கதவைத் திறந்து காட்டினேன்.

கடையில் சம்பளம் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 25, சனி

நாளையிலிருந்து நாலு நாள் சென்னையில் முழு ஊரடங்கு, அதனால் இன்று மூணு மணி வரை கடைகள். ஊர் மொத்தமும் தெருவில். அந்தக் கூட்டத்தில் நான் போகவில்லை, அவரையும் விடவில்லை. வீட்டில் காராமணி, கருவாடு, புளி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மரத்தில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நாலு நாளைக்கு இது போதும். காய்கறிக்காகப் போய் நோயை வாங்கிவந்து அம்மாவுக்குக் கொடுப்பதா?

மே 5, செவ்வாய்

கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டது. அவருடைய சிநேகிதர் அங்கே மூட்டை தூக்குபவர், விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறார், அங்கே பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்திருக்கிறார்களாம். தக்காளி விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மே 12, செவ்வாய்

மகளிர் குழுக் கடனை வசூலிப்பவர் போன் செய்தார். தவணை தள்ளிவைப்பு இருக்கிறதே என்றேன், "மத்தவங்க கட்டறாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார். குழுவில் இருக்கும் மற்ற பெண்களைக் கேட்டால் அவர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். யாரும் கட்டவில்லை. இப்படி ஒருத்தியை ஒருத்திக்கு எதிராக வைத்துப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே பதில் சொல்வோம் என்று முடிவு செய்தோம், அரசு சொன்ன தேதி வரை கேட்காதீங்க என்று.

இன்று வீட்டுக்காரம்மாவிடமும் பேசிவிட்டேன். அட்வான்ஸ் 60,000 அவங்க கையில் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. அந்தப் பணம் அவங்க மகள் கல்யாணத்தில் செலவாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். கடைசியில், "பாதியக் குடு, பாதியக் கழிச்சுக்கலாம்" என்றாங்க. சரியென்று வந்துவிட்டேன். இரவெல்லாம் கணக்குப் போட்டேன்: மாதம் 3,750 என்றால் அட்வான்ஸ் பதினாறு மாதம் தாங்கும், ஆனால் அந்த இன்னொரு 3,750 எங்கிருந்து?

மே 25, திங்கள்

அவர் பட்டறை இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டைத் திறந்துவிட்டார்கள். கால்வாசி ஆட்கள்தான் வரலாம், அதில் அவருக்கும் இடம் கிடைத்தது. சம்பளம் பாதி. தவணை தள்ளிவைப்பை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். வாசலில் சோப்பும் வாளியும் வைத்தேன். போன வருஷம் இதே நாளில் குடத்தோடு லாரிக்கு நின்றோம். அந்த வருஷம் இந்த நோய் வந்திருந்தால் கையை எதில் கழுவியிருப்போம் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்து, எல்லோரும் பாஸ். காலாண்டு, அரையாண்டு மார்க்கில் எண்பது சதவீதம், வருகைக்கு இருபது. பெரியவள் அழுதாள். அரையாண்டில் அவளுக்குக் காய்ச்சல், கணக்கில் மார்க் குறைவு. முழுப் பரீட்சைக்கு என்று வைத்திருந்தாள் பிள்ளை.

சிலிண்டர் லேசாகிவிட்டது.

ஜூன் 16, செவ்வாய்

வெள்ளிக்கிழமையிலிருந்து 30ஆம் தேதி வரை சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மறுபடி முழு ஊரடங்கு. நேற்று அறிவித்தார்கள். தெருவில் ரெண்டு வீட்டில் பூட்டு விழுந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் மனைவி, பிள்ளை, ஒரு கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிட்டார்.

இவரும் ஊருக்குப் போகலாம் என்கிறார். திருக்கோவிலூர் பக்கத்தில் மாமியார் தனியாக இருக்கிறார்கள், வீடு சொந்தம், வாடகை இல்லை, விறகு இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது. அவர் சொல்வது எல்லாம் உண்மை. நானும் அதை மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஆனால் ஊர் விட்டுப் போக வாங்க வேண்டிய இ-பாஸ் கல்யாணம், சாவு, வைத்தியம் மூன்றுக்குத்தான், பைக்கில் ஐந்து பேர் எப்படிப் போவது? அம்மாவை எங்கே விடுவது? தம்பி ஓசூரில் ஒற்றை அறையில் இருக்கிறான். அங்கே போய் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்? இங்கே ஸ்டான்லி இருக்கிறது. எல்லோரும் சென்னைதான் ஆபத்து என்று ஓடுகிறார்கள், எனக்கோ டாக்டர் இருக்கும் ஊரை விட்டுப் போவதுதான் ஆபத்தாகத் தெரிகிறது.

ராத்திரி மாமியாரே போன் செய்தார்கள். "வராதீங்கய்யா, மெட்ராஸ்காரங்கள உள்ள விடக் கூடாதுன்னு தெருவுல பேசுறாங்க, போன வாரம் வந்தவங்க வீட்டுக்கு யாரும் தண்ணி கூடக் குடுக்கல" என்று அழுதார்கள். அவர் போனை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பெற்ற ஊர் அது. எனக்குத் தொண்டை அடைத்தது, என்ன சொல்வதென்று தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தேன், பால் இல்லாமல்.

போகவில்லை.

ஜூன் 24, புதன்

வீட்டுக்கே வந்து 1000 ரூபாய் கொடுத்தார்கள். புது சிலிண்டர் வந்தது. காலண்டரில் தேதி குறித்தாயிற்று.

ஜூலை 8, புதன்

அம்மாவுக்கு ராத்திரி உடம்பு சுட்டது. விடிந்ததும் முனையில் மாநகராட்சிக் காய்ச்சல் முகாமுக்கு அழைத்துப் போனேன். கொரோனா சோதனைக்கு மூக்கில் எடுத்தார்கள், கபசுரக் குடிநீர்ப் பொடியும் மாத்திரையும் கொடுத்தார்கள்.

உள் அறையை அம்மாவுக்கு விட்டுவிட்டோம். நாங்கள் நாலு பேரும் கூடத்தில். அம்மா தட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, "நான் ஏன் உங்களுக்குப் பாரமா" என்று ஆரம்பித்தார், நான் கத்திவிட்டேன். அப்புறம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ரெண்டு பேரும் வெகுநேரம் பழைய பேச்சுப் பேசினோம். தாத்தா வீட்டுத் திண்ணை, மாடு, எல்லாம்.

ஜூலை 9, வியாழன்

முடிவு வரவில்லை. நோய் வந்த வீடு என்று வாசலில் தகரம் அடிக்க ஆள் வருமோ என்று சின்னவன் ஜன்னலிலேயே நிற்கிறான். அவரை வேலைக்குப் போக வேண்டாம் என்றேன், ஒரு நாள் சம்பளம் போயிற்று.

ஜூலை 10, வெள்ளி

நெகட்டிவ். சாமி.

ஜூலை 18, சனி

தனியார் பள்ளிகள் இப்போதைக்கு 40 சதவீதக் கட்டணம் வாங்கலாம், ஆகஸ்ட் 31க்குள், என்று நேற்று ஐகோர்ட் சொல்லியிருக்கிறது. சின்னவன் பள்ளியிலிருந்து உடனே மெசேஜ். அதில் போன வருஷப் பாக்கியும் சேர்ந்திருக்கிறது. அவனுக்கு ஆன்லைன் வகுப்பு என்று ஒரே போனை அவனும் அக்காவும் பிடுங்கிக்கொள்கிறார்கள், டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

இவரிடம் கேட்டேன், மாநகராட்சிப் பள்ளியில் ஆறாவது சேர்த்தால் என்ன? "இங்கிலீஷ் மீடியம்னு ஆசப்பட்டு சேத்தோமே" என்றார். அங்கேயும் ஆங்கில வழி இருக்கிறது, புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு. நான் படித்ததும் அப்படிப்பட்ட பள்ளியில்தான், எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் மாதிரி ஒருவரை இந்தத் தனியார் பள்ளியில் நான் பார்க்கவில்லை. அவர் யோசிக்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

பவுன் 43,000ஐத் தாண்டிவிட்டது. நகைக் கடனில் வங்கிகள் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று நேற்று ரிசர்வ் வங்கி அறிவிப்பு, முன்பு 75 தான். அவர் அடகு வைக்கலாம் என்கிறார். கூடுதலாகக் கிடைக்கும் பணம் எல்லாம் கூடுதல் கடன்தானே, அதை எந்தச் சம்பளத்தில் மீட்பது? விற்றுவிடலாம் என்பது என் கட்சி. இந்த விலை இனி வருமோ வராதோ, குழுக் கடனை முழுக்க அடைத்தால் அந்த போன் நிற்கும்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தன் வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். "பேத்திக்குன்னு வச்சது, அவ படிப்புக்குப் போனா என்ன?" வேண்டாம் என்று திருப்பிப் போட்டுவிட்டேன். என் சங்கிலி இருக்கிறது.

ஆகஸ்ட் 10, திங்கள்

பெரியவளுக்கு மார்க் வந்தது. கணக்கில் நினைத்த மாதிரியே. யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

சங்கிலியை விற்றேன். குழுக் கடன் முடிந்தது, ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. மிச்சத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் பாதி வாடகை, அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டை, பெரியவளுக்குப் பிளஸ் ஒன் நோட்டு.

ஆகஸ்ட் 17, திங்கள்

சின்னவனை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தாயிற்று. பழைய பள்ளி பாக்கியைக் கட்டாமல் டி.சி. தர முடியாது என்றது. கல்வி உரிமைச் சட்டத்தில் டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது, அதை நான் எடுத்துச் சொல்லத் தயாராகப் போனேன். தேவையே படவில்லை. தலைமை ஆசிரியை ஆதாரையும் பிறப்புச் சான்றையும் பார்த்து, "அப்புறம் கொண்டு வாங்கம்மா" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். வரிசையில் எங்களைப் போல எத்தனையோ பேர், டை கட்டிய படம் போட்ட பழைய பள்ளி அடையாள அட்டையைப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டி அழைத்து வந்திருந்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் எந்த நேரம் என்று எழுதிக்கொடுத்தார்கள். டேட்டா மிச்சம்!

இவர் ராத்திரி புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். கேட்காமலேயே.

ஆகஸ்ட் 22, சனி

பிள்ளையார் சதுர்த்தி. தெருவில் பிள்ளையார் கிடையாது. ரேஷன் அரிசியை இடித்து அஞ்சாறு கொழுக்கட்டை. மாமியார் போன் செய்தார்கள், அடுத்த மாதம் இ-பாஸ் முறையை எடுத்துவிட்டால் ஒரு எட்டு வந்து போங்க, இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று.

சாயந்திரம் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாங்க. அவங்க மருமகனுக்கும் வேலை போய்விட்டதாம், மகள் பிள்ளையோடு இங்கே வருகிறாளாம், எங்கள் போர்ஷன் வேணும். அட்வான்ஸில் மிச்சத்தை எப்போது தர முடியும் என்று கேட்டேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாங்க. பெரியவளுக்கு அன்றைக்குத்தான் பிளஸ் ஒன் சேர்க்கை.