சும்மா கிடக்குற இடம்

இங்க அமெரிக்கால எங்க டவுன் பார்க்ஸ் கமிஷன்ல, அதாவது ஊர் பூங்காக்கள கவனிக்குற குழுல, உக்காந்து நாலு வருஷம் ஓடிப்போச்சு. பைசா சம்பளம் கிடையாது. பொண்ணு சாக்கர் விளையாடுற கிரவுண்டுல தண்ணி தேங்குதேன்னு கம்ப்ளெயின்ட் பண்ணப் போனேன், "ஒரு சீட் காலியாதான் இருக்கு, நீங்களே வாங்களேன்"னு மாட்டி விட்டுட்டாங்க.

மரம் நடுவோம், ஊஞ்சல் வாங்குவோம்னு நினைச்சு போனா, பாதி மீட்டிங் நாய் பஞ்சாயத்துதான், கயித்த கழட்டி விடலாமா கூடாதான்னு. இன்னொரு கூத்து, நாங்க மொத்தமே அஞ்சு பேர், மூணு பேர் இருந்தாலே மீட்டிங் நடத்துற ஆள்கணக்கு (quorum) வந்துடும், அதனால முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டாம மூணு பேர் சேர்ந்து பார்க் பத்தி பேசுனா சட்டப்படி தப்பு, மெயில்ல ரிப்ளை ஆல் போட்டாக்கூட வம்பு. எங்கயாவது தற்செயலா மூணு பேரும் பாத்துக்கிட்டா மழை வெயில் பத்தி மட்டும் பேசிட்டு கலைஞ்சிடுவோம்.

போன வருஷம் ஒரு பிளான் வந்துச்சு. விளையாட்டு மைதானத்த ஒட்டி ஒரு புல்வெளி, அதுல பார்க்கிங் போடணுமாம். "அங்கதான் ஒண்ணுமே இல்லையே, சும்மாதானே கிடக்கு"ன்னாங்க. இந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு பத்திக்கும். நம்மூர்ல புறம்போக்குன்னு சொல்லிச் சொல்லியே எத்தன ஏரிய முழுங்கிட்டோம். பசங்க ஓடுறதுக்கு அந்த இடம் சும்மா கிடந்தாதானே முடியும்? ஆனா நாங்க கத்தி என்ன, எங்க கமிஷன் ஆலோசனைதான் சொல்லலாம், முடிவு கவுன்சில் கையில.

அப்பதான் எங்க கமிஷன்லயே வயசான ஒருத்தர் ஒரு பழைய ஃபைலோட வந்தாரு. எழுபதுகள்ல அந்த பார்க்குக்கு ஃபெடரல் கிரான்ட், அதாவது மத்திய அரசு மானியம், வாங்கியிருக்காங்க. லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்டுன்னு 1964ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, இதுக்கு வர்ற பணத்துல பெரும்பகுதி கடல்ல எண்ணெய் கேஸ் எடுக்குற கம்பெனிங்க கட்டுறதுதான், 2020ல வருஷத்துக்கு 90 கோடி டாலர்னு நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. அந்த சட்டத்துல 6(எஃப்)னு ஒரு பிரிவு இருக்கு. இந்த காசு பட்ட இடத்த வேற எதுக்காவது மாத்தணும்னா நேஷனல் பார்க் சர்வீஸ்ங்கிற மத்திய அரசு பூங்காத்துறை ஒத்துக்கணும், அதோட குறைஞ்சது அதே மதிப்புல, அதே அளவு பிரயோஜனமா வேற நிலம் பதிலுக்கு குடுக்கணும். விஷயம் தெரிஞ்சதும் பார்க்கிங் பிளான் சத்தமில்லாம அஜெண்டால இருந்து காணாம போச்சு.

எனக்கு சந்தோஷத்த விட பயம்தான் வந்துச்சு, அந்த ஃபைல் அவர் கண்ணுல படலன்னா? அதனால இப்ப சனிக்கிழமை காலைல ரெண்டு பேரா டவுன் ஆபீஸ் பேஸ்மென்ட்ல உக்காந்து ஒவ்வொரு பார்க்கோட பத்திரத்தையும் எடுத்து படிச்சிட்டிருக்கோம், தூசில தும்மித் தும்மி மூக்கு சிவந்து போச்சு. வருஷக்கணக்கா எல்லாரும் பார்க்னு சொல்லிட்டிருக்குற ஒரு இடம் பேப்பர்ல பார்க்கே இல்ல, டவுனோட பொது சொத்துன்னு மட்டும் இருக்கு, அதாவது கவுன்சில் நினைச்சா வித்துடலாம். அதுக்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் போட்டு, கட்டடம் கட்டுற உரிமைய மட்டும் நிலத்த பாதுகாக்குற ஒரு லேண்ட் டிரஸ்ட் கிட்ட குடுத்துட்டா பின்னால யார் வாங்குனாலும் கட்ட முடியாது, அதைத்தான் அடுத்த மீட்டிங்ல கேக்கப் போறோம். அஜெண்டால ஏழாவதா இருக்கு, முதல் ஐட்டம் வழக்கம்போல நாய்.